சாய்ந்து உறைந்த துளி

சுண்டெலியின் கைராசி போய்விட்டது என்று ஆய்வுக்கூடம் முழுக்கப் பேச்சு. எலிக்கருவிலிருந்து நரம்பைப் பிரித்தெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் வந்த பட்டப்பெயர் அது. ஆளும் சிறிசுதான். அப்பேர்ப்பட்டவளின் சோதனை மாதக்கணக்கில் ஊத்திக்கொண்டே இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

சோதனை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. கருவில் வளரும் நரம்பு, தன் நுனியை உள்ளங்கை மாதிரி விரித்துத் துழாவிக்கொண்டே வழி தேடும். போகக்கூடாத இடத்தில் செமாஃபோரின் என்ற புரதம் காவல் நிற்கும். நுனியில் இருக்கும் பிளெக்சின் என்ற ஏற்பி அதைத் தொட்டதோ இல்லையோ, நுனி சுருங்கிப் பின்வாங்கிவிடும். இந்த விரட்டல் இல்லாவிட்டால் கருவில் நரம்புகள் கண்டபடி அலையும். வினை எங்கே என்றால், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் தழும்பிலும் இதே செமாஃபோரின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி முளைக்கப் பார்க்கும் நரம்பையும் விரட்டிவிடுகிறது. பிளெக்சினின் வாயை அடைக்கும் மருந்து ஒன்றைச் சுண்டெலி கண்டுபிடித்திருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் ஒரு விரலையாவது அசைக்க அது உதவும் என்று நம்பினாள்.

மருந்தின் மகிமையைக் காட்டவேண்டுமானால், மருந்து போடாத நரம்பு முதலில் சுருங்கியாகவேண்டும். அதுதான் நடக்கவில்லை. செமாஃபோரினை எவ்வளவு விட்டாலும் நுனிகள் ஜம்மென்று விரிந்தே கிடந்தன.

"புரதம் கெட்டுப்போயிருக்குமோ சார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் புரொபசர். எல்லாரும் சிரித்தார்கள். புரதத்தைக் குறைசொல்ல அவளுக்கும் வழி தெரியவில்லை. அதே புரதம் தொடக்கத்தில் அருமையாக வேலை செய்தது. குட்டிக் குழாய்களில் பிரித்து உறையவைத்தவளும் அவளேதான். உறைந்ததை ஒரே ஒரு முறைதான் உருக்கலாம், உருக்கி மறுபடி உறையவைத்தால் புரதம் செத்துவிடும் என்பதால், வேண்டியபோது வேண்டிய குழாயை மட்டும் எடுப்பாள். அவ்வளவு கவனம்.

சிரிக்காதவள் பெரியக்கா ஒருத்திதான். கூடத்தின் மூத்த ஆய்வாளர். சுண்டெலி இங்கே வந்த நாளிலிருந்து கூடப்பிறக்காத குறையாகப் பார்த்துக்கொண்டவள். "உன் கை லேசா நடுங்குதுடி. திரவத்தை விடறப்ப நரம்பு அடிபடுதோ என்னவோ. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம்," என்று அவளே கூட்டிப்போனாள். முன்கையில் ஊசி செருகி மின்சாரம் விட்டுப் பார்த்தபோது, சுண்டெலியின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டதும் அவள்தான். கையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

"அப்ப மனசுலதான் ஏதோ," என்றாள் பெரியக்கா, திரும்பி வரும் வழியில்.

அந்த வார்த்தை சுண்டெலியைச் சாய்த்துவிட்டது. புரொபசர் அவள் வேலையைப் பெரியக்காவிடம் கொடுத்தார். "பழசெல்லாம் எதுக்கு?" என்று பெரியக்கா புதுப் புரதம் வரவழைத்தாள். முதல் நாளே நுனிகள் சுருங்கின; எல்லாம் பெரியக்காவின் கைராசி என்றார்கள். சுண்டெலி மனசாரக் கைதட்டினாள், பைத்தியக்காரி. மாதக் கடைசியோடு விலகிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள்.

விலகுவதற்கு முன் தன் பெட்டியைக் காலிசெய்ய ஆழ்உறைப் பெட்டகத்தை, அதாவது டீப் ஃப்ரீசரைத் திறந்தாள். குழாய்களை அவள் எப்போதும் பனி மூடியபடியே எடுத்து ஐஸில் செருகிவிடுவாள். உள்ளே பார்க்கும் வழக்கமில்லை. இன்று தூக்கிப்போடத்தானே போகிறோம் என்று ஒன்றைக் கட்டைவிரலால் துடைத்தாள். நிமிர்த்தி உறையவைத்த துளி அடியில் அல்லவா இருக்கவேண்டும்? அது பக்கச் சுவரோடு நீளமாக ஒட்டியிருந்தது. அடுத்ததும் அப்படியே. பெட்டியிலிருந்த அத்தனையும் அப்படியே. எங்கேயோ படுத்த வாக்கில் உருகி, படுத்த வாக்கிலேயே மறுபடி உறைந்திருக்கின்றன. பக்கத்துப் பெட்டிகளில் துளிகள் ஒழுங்காக அடியில் இருந்ததால், மின்வெட்டின் மேல் பழி போடவும் வழியில்லை. பெட்டகத்தின் சாவி அவளையும் பெரியக்காவையும் தவிர வேறு யாரிடமும் இல்லை.

ஒரு குழாயை உருகாமலிருக்க உலர்பனியில் போட்டுக்கொண்டு பெரியக்காவின் மேசைக்குப் போனாள்.

"இது எப்பக்கா உருகுச்சு?"

பெரியக்கா குழாயைப் பார்த்தாள். புரியாத மாதிரி நடிக்கவில்லை, அந்த மட்டுக்கும் யோக்கியம்.

"என் பெட்டியைத் தேடறப்ப உன்னுதை வெளிய வச்சேன். போன் வந்துச்சு, மறந்துட்டேன். வந்து பாத்தா எல்லாம் தண்ணி. அவசரத்துல அப்படியே உள்ள தள்ளிட்டேன். வேணும்னு பண்ணலடி."

"மறந்தது தப்பில்லக்கா. யாருக்கும் வரும். மறுநாளே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் நெனச்சேன். இத்தனை வருஷம் இருந்துட்டு, சின்னப் புள்ளைங்க பண்ற தப்பைப் பண்ணேன்னு... நாள் போகப் போக வாய் வரல."

"உங்களுக்கு வாய் வரல. எனக்கு வேலையே போச்சு." சுண்டெலி குழாயை மேசைமேல் வைத்தாள். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களேக்கா! ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, ஊசி குத்தறப்ப பக்கத்துல உக்காந்திருந்தீங்களே, அப்பக்கூடவா தோணல?"

"தோணுச்சு. டாக்டர் என்ன சொல்றார்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அவர் சொல்றதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

பெரியக்கா மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "உன் கையில நெஜமாவே ஏதாவது இருந்துட்டா, நான் சொல்லவே வேண்டியிருக்காதேன்னு..."

சுண்டெலிக்கு அன்றைய ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்தது. டாக்டர் முடிவைச் சொல்லக் கூப்பிடும்வரை, வெளியே பெஞ்சில் பெரியக்கா கண்ணை இறுக மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள். தனக்காக உருகுகிறாளே என்று சுண்டெலிக்கு அப்போது கண் கலங்கிப்போயிருந்தது.