எட்டு டாங்க்

ராஜபாயின் தலையிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டரை ஆராதனைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரமே இருந்தது. வீட்டிலிருந்த ஒரே ஹேர் ட்ரையரை மகள் ஜெஸ்னா வைத்திருந்தாள். புழக்கடைப் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் எஞ்சினுக்கு அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்க தல நனஞ்சு கெடக்கு. நீ இரும்பக் காய வைக்குத."

"இரும்பு இல்லம்மா. அலுமினியமாக்கும்."

"என்னவா இருந்தா என்ன. அதுக்கு சளியா பிடிக்கும்?"

"பிடிக்கும்," என்றாள் ஜெஸ்னா, நிமிராமல்.

ராஜபாய் துவர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மகள் பொய் சொல்லவில்லை. ரிமோட் பந்தயக் காருக்கான, நைட்ரோ எரிபொருளில் ஓடும் அந்தச் சின்ன எஞ்சின், புதிதாக இருக்கும்போது குளிரில் இறுகிக் கிடக்கும். அதன் சிலிண்டர் மேலே போகப்போகக் குறுகும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு பிடி பிடித்துக்கொள்ளும். சூடேறினால்தான் மேல்பக்கம் விரிந்து, செய்தவன் மனதில் நினைத்த அளவுக்கு வரும். அதனால் முதலில் வெளியிலிருந்து சூடு காட்ட வேண்டும். பிறகு எரிபொருள் தாராளமாகவும் காற்று குறைவாகவும் போகும்படி ஊசியைத் திறந்துவைத்து, புகை கக்கக் கக்க, மெதுவாக ஒரு டாங்க் ஓட்ட வேண்டும். அணைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து, முழுக்க ஆறவிட வேண்டும். மறுபடி சூடு, மறுபடி ஒரு டாங்க். இப்படி எட்டு. எட்டாவது முடியும்வரை ஊசியை இறுக்கி வேகம் கேட்கக் கூடாது. கேட்டால் அது கொடுக்கும், அதுதான் அதன் ஆபத்து. கொடுத்துவிட்டு, எண்ணெய் போதாமல் உள்ளுக்குள் தேய்ந்து, ஒரு மாதத்தில் செத்துப்போகும்.

நான்காவது டாங்க்கை அவள் சக்கரங்கள் தரையில் படாமல் மரக்கட்டையின் மேல் வண்டியை வைத்து ஓட்டினாள். எரிபொருளில் கலந்திருந்த ஆமணக்கெண்ணெய் கருகும் தித்திப்பான வாடை வாழைகளுக்கிடையில் நீலமாகப் பரவியது. வேலிக்கு அந்தப்புறமிருந்து சரோஜம் மாமியின் குரல் வந்தது. "கர்த்தருக்க நாளிலயாவது அந்தக் கொளவிக்கூட்டைச் சும்மா விடப்பிடாதா?" ஜெஸ்னா கை கூப்பிக் காட்டிவிட்டு ஓடவிட்டாள்.

அது அவளுடைய இரண்டாவது எஞ்சின். முதலாவதைக் கொன்றவன் அவள் அண்ணன் எபின். அன்பினால்தான் கொன்றான். பாறசாலையில் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருப்பவன், எந்த பைக்கின் நோயையும் ஒரு உதையில் சொல்லிவிடுகிறவன். போன ஓணத்துக்கு முந்தைய வாரம், தங்கையின் பெயருக்கு வந்த பெட்டியை ஆசையாகத் திறந்து பார்த்திருக்கிறான். சுற்றிப் பார்த்தால் உச்சியில் பிடிக்கிறது. ஐயோ, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது ஜாமாகி வந்திருக்கிறதே என்று பட்டறைக்கு எடுத்துப்போய், நைஸ் எமரித் தாளால் சிலிண்டரின் உட்புறத்தை மினுங்க மினுங்கத் தேய்த்துக் கொண்டுவந்தான். "இப்பம் சுத்திப் பாரு மக்கா, வெண்ணெ போல ஓடும்," என்றான். ஓடியது. ஒற்றை விரலில் சுற்ற முடிந்தது. அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். பிரேமுக்குள் லென்ஸைப் பிடித்து வைத்திருப்பது மயிரிழை இறுக்கம்தான் என்பதும், ஒரு சுற்று அதிகமாகத் தேய்த்துவிட்டால் அது கண்ணாடி இல்லை, கீழே விழக் காத்திருக்கும் துண்டு என்பதும் அவளுடைய விரல்களுக்குத் தெரியும். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க ஒரு வழியும் கிடையாது. அந்த எஞ்சின் குளிரில் ஓடியது. சூடேறியதும் மூச்சு விட்டுவிட்டு நின்றது. "கம்பெனிக்க தப்பு," என்றான் எபின். இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது எஞ்சின் வந்தபோது அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஒரு மாதம் கடை இழுப்பறையில், பிளஸ் இரண்டு லென்ஸ்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆனால் அன்றைய பந்தயத்துக்கு அண்ணன் இல்லாமல் போக முடியாது. ஓட்டுகிறவள் மேடைமேல் ரிமோட்டோடு நிற்கும்போது, கீழே வண்டிக்கு எரிபொருள் ஊற்றவும் நின்றால் கிளப்பிவிடவும் ஓர் ஆள் வேண்டும். பந்தயத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆரியங்கோட்டில் சோமன் தன் பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, மறுநடவு வரை அந்தச் சரிவைப் பந்தயத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார். திங்கட்கிழமை குழி வெட்ட ஆள் வருகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையோடு இந்த வருடத்துப் பாதை முடிந்தது. அவளிடம் இருந்ததோ நாலே டாங்க் ஓடிய எஞ்சின்.

பைக்கில் போகும்போது எபின் திரும்பாமலே கேட்டான். "நாலு டாங்க் போதாதா?"

"எட்டு."

"அப்பம் என்னத்துக்குப் போறோம்?"

"அஞ்சாவதும் ஆறாவதும் ஓட்டதுக்கு."

"ரேஸுலயா?"

"தரையில ஓடணும். வேற தரை எங்க உண்டு?"

அவன் கியரை மாற்றினான். பிறகு, "ஆளுவ சிரிப்பாங்க," என்றான்.

"சிரிக்கட்டு. பல்லு அவங்களுக்குள்ளதுதானே."

கமுகுத் தடிகளால் கட்டிய மேடையில் ஒன்பது பேர் ரிமோட்டோடு ஏறி நின்றார்கள். எட்டு ஆண்களும் ஜெஸ்னாவும். ஏறுவதற்கு முன் அவள் எபினுக்கு ஒன்றைக் காட்டினாள். ஊசியின் தலையிலும் அதைச் சுற்றியிருந்த பித்தளையிலும் சேர்த்து சிவப்பு நெயில் பாலிஷால் ஒரே கோடாக இழுத்திருந்தாள். ஊசி திரும்பினால் கோடு முறியும். "இது இப்படியே நிக்கணும்," என்றாள். ஸ்க்ரூ டிரைவரைத் தன் பாண்ட் பையில் போட்டுக்கொண்டாள். எபின் முகம் வாடியது. "என்னைக் கள்ளனாக்கிட்டியா," என்றான். அவள் மேடை ஏறினாள்.

அரைமணி நேரப் பந்தயம். கொடி இறங்கியதும் எட்டு வண்டிகள் கீச்சிட்டுக்கொண்டு மண்ணை வாரியடித்துப் பாய்ந்தன. ஒன்பதாவது, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பார்த்துப் போகிற பெரியவர் போல நிதானமாகக் கிளம்பியது. பின்னால் அவிழ்த்துவிட்ட முந்தானை போல நீலப்புகை நீண்டது. முதல் சுற்று முடிவதற்குள் எல்லோரும் அவளைக் கடந்து முடித்தார்கள். இரண்டாம் சுற்றில் மறுபடி கடந்தார்கள்.

"ஜெஸ்னா," என்றார் பக்கத்தில் நின்ற ஜெயசிங், தன் வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். பெருங்கடவிளையில் ரப்பர் ஷீட் வாங்கி, புகைபோட்டு உலர்த்தி விற்கிறவர், மூன்று வருடமாகக் கோப்பை அவர் வீட்டு டிவிக்கு மேலேதான் இருக்கிறது. "எனக்க புகைப்புரையில இடம் இல்லாம முப்பது ஷீட் கெடக்கு. ஒனக்க வண்டிக்குப் பொறத்தால கட்டி விடட்டா? ரெண்டு ரவுண்டுல உணங்கிரும்."

சிரிப்பில் மேடையே குலுங்கியது. நடுவர் நிஜின்கூட மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"கட்டுங்க மாமா," என்றாள் ஜெஸ்னா. "ஆனா நான் மெல்லத்தான் போவேன். கிரேடு கொறஞ்சா என்னைச் சொல்லப்பிடாது."

அவள் சும்மா போகவில்லை. நேர்கோட்டில் ஒரு மூச்சு விசை கொடுத்தாள், உடனே எடுத்தாள். வளைவில் தவழவிட்டாள். மறுபடி ஒரு மூச்சு. எஞ்சினின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. தொண்டையில் சளி கட்டிய கரகரப்பு. ஐந்தாவது டாங்க்கின் கடைசியில் அந்தக் கரகரப்பின் விளிம்பு லேசாக மழுங்கியதை அவள் கேட்டாள். அந்த மேடையில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. 

ஏழாவது நிமிடம் வண்டியை உள்ளே கொண்டுவந்து, எஞ்சினை அணைத்து, மேடையிலிருந்து இறங்கினாள். பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, வண்டியை மேசைமேல் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?" எபின் பதறினான்.

"ஆறட்டு."

"ரேஸ் ஓடிட்டு கெடக்கு பிள்ளே."

"ஓடட்டு. பன்னிரண்டு நிமிஷம்."

பந்தயத்தின் நடுவில் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவென்றே ஆட்கள் நகர்ந்து வந்தார்கள். சோமன் வந்து, "வண்டிக்கு சுகம் இல்லியா மோளே?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஒருவன் போனில் படம் எடுத்தான். எபினின் பட்டறைக்கு வண்டி விடுகிற பையன்கள் இரண்டுபேர், "அண்ணன் கைய வச்சா ஒரு மினிட்டுல செரியாகும், தங்கச்சி விடமாட்டா போல," என்று அவன் காதில் விழும்படி சொன்னார்கள். எபின் ஒரு கிழிந்த துணியால் சுத்தமான மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் காது மடல்கள் சிவந்திருந்ததை ஜெஸ்னா பார்த்தாள். இரக்கமாக இருந்தது. இரக்கத்துக்காக ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பத்தொன்பதாவது நிமிடம் எஞ்சினின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் ட்ரையரை, நிஜினின் மைக்குக்குக் கரண்டு வந்த பலகையில் செருகிச் சூடு காட்டிவிட்டு, ஆறாவது டாங்க்கை நிரப்பினாள். எபினிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள்.

கீழே ஸ்டார்ட்டர் பெட்டி உறுமியது. எஞ்சின் பற்றியது. எபின் குனிந்தே இருந்தான், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு வண்டியைத் தரையில் விட்டான்.

விசையைத் தொட்டதும் என்ன நடந்ததென்று அவளுக்குப் புரியவில்லை. வண்டி அவள் கையை விட்டுத் தாவியது. புகை இல்லை. கரகரப்பு இல்லை. கத்தியைச் சாணை பிடிப்பது போல ஒரு சத்தம், மெல்லிசாக, உயரமாக, சுத்தமாக. முதல் வளைவில் ஒருவனைக் கடந்தாள். வெட்டிய ரப்பர் மரக் குற்றிகளுக்கிடையிலான மேட்டில் வண்டி காற்றில் எழும்பி, மறுபுறம் பூப்போல இறங்கியது. கூட்டம் ஓவென்றது. நேர்கோட்டில் ஜெயசிங்கின் மஞ்சள் வண்டியின் வால் தெரிந்தது, கிட்டே வந்தது, பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. ஜெயசிங் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

ஒரு சுற்று முழுக்க அவள் விசையை விடவில்லை. அதைப் பிறகு தன்னிடம் தானே மறைக்கவும் இல்லை. அந்த ஒரு சுற்றில் உலகத்திலுள்ள எல்லாம் அவளுக்குக் கீழ்ப்படிந்திருந்தன. இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. கோப்பை எப்போதோ போய்விட்டது, ஆனால் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கடந்து காட்டலாம். சிரித்த ஒவ்வொரு வாயையும் மூடலாம். அதற்கு இந்த எஞ்சின் போதும், இன்றைக்கு மட்டும்.

மேட்டில் இரண்டாவது முறை எழும்பியபோது அந்தச் சத்தத்தின் நுனியில் ஒரு வறட்சி கேட்டது. லென்ஸ் சக்கரத்தில் தண்ணீர் நின்றுபோனால் கண்ணாடி எழுப்புகிற அதே வறட்சி.

விசையை விட்டாள். வண்டியை உள்ளே திருப்பி அணைத்தாள். "எலே, என்ன செய்யுதா இவ," என்று யாரோ கேட்டார்கள். கீழே இறங்கி எபினை நோக்கி நடந்தாள். சிவப்புக் கோடு முறிந்திருந்தது. ஊசி கால் சுற்று இறுகியிருந்தது. மேசையில் அவன் பைக் சாவிக்கொத்தும் அதில் தொங்கிய சின்னப் பேனாக்கத்தியும் கிடந்தன.

"பாத்தியா," என்றான் எபின். அவன் முகம் பூரித்திருந்தது, கண்கூட நனைந்திருந்தது. "ஜெயசிங்கையாக்கும் கடந்தது. நீ என்னத்துக்கு நிப்பாட்டின?"

ஜெஸ்னா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஊசியைத் திருப்பிக் கோட்டோடு கோட்டைச் சேர்த்தாள்.  சேரும்வரை இரண்டுமுறை செய்தாள்.

"அண்ணா, அந்த மொதல் எஞ்சின் கம்பெனிக்க தப்பு இல்ல."

அவன் வாயைத் திறந்தான்.

"அதுக்கு ஜாமே இல்ல. அது அப்படித்தான் வரும். நீ தேச்சது அதுக்க உயிர." அவள் குரல் உயரவில்லை. "இத நான் உனக்குத் தரமாட்டேன். ஜெயிச்சாலும் தரமாட்டேன். இப்பம் கிளப்பித் தா. கத்திய அங்கயே போட்டுட்டு."

 எபின் சாவிக்கொத்தைப் பார்த்தான், அதை எடுக்கவில்லை. குனிந்து வண்டியை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் வைத்தான்.

புகை திரும்ப வந்தது. கரகரப்பும் வந்தது. ஜெஸ்னா பெரியவரைப் போல நிதானமாகப் பாதைக்குள் போனாள். ஜெயசிங் இரண்டுமுறை கடந்தார், இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. முப்பதாவது நிமிடம் கொடி இறங்கியது. வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து அடங்கின. மேடையிலிருந்தவர்கள் இறங்கினார்கள்.

"ஜெஸ்னா, முடிஞ்சுது," என்றான் நிஜின் மைக்கில். "கோப்பை குடுக்கணும். எறங்கி வா."

"டாங்க் தீரட்டு."

"அந்தச் சத்தத்துல நான் பேசுனா கேக்காது."

"மைக் உண்டில்லியா. சத்தமாப் பேசு."

சோமன் சிரித்துவிட்டார். நாளைக்கென்று கொண்டுவந்திருந்த நீற்றுச் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு, பாதையின் அந்தக் கோடியிலிருந்து குழிக்கு அடையாளம் போடத் தொடங்கினார். பதினைந்தடிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. வண்டி அவர் பக்கம் வரும்போது காலைத் தூக்கி வழிவிட்டார். அது போனதும் ஒரு புள்ளி. ஜெயசிங்குக்குக் கோப்பை கொடுத்தார்கள். கைதட்டலின் மேல் கரகரவென்று அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

கமுகு மேடையில் அவள் ஒருத்திதான் நின்றாள். டாங்க்கில் இன்னும் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டபடி, மேசைப் பக்கம் பார்த்தாள். எபின் அங்கேயே நின்றிருந்தான். வண்டி அவனைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவளுக்குத் தெரியும்படி மார்புக்கு மேலே தூக்கிக் காட்டினான். கைகளில் ஒன்றும் இல்லை. புகை வந்து அவனை மறைத்தது. விலகியபோது, கைகள் அப்படியே இருந்தன.