முதல் போகத்து ஆள்

இராசரத்தினம் செத்தும் வீட்டை விட்டுப் போகவில்லை என்பது தோர்ண்டன் ஹீத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்த விசயம். தெரியாமல் இருக்க முடியாது, பக்கத்து வீட்டில் இருந்தவள் அருள்நாயகி. கோயில் மண்டபம், தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்குகிற இடம், பஸ் தரிப்பிடம் என்று ஆள் அகப்பட்ட இடத்திலெல்லாம் சொல்லிவிட்டாள். சொன்னவர்களுக்கும் மறுபடி சொன்னாள், ஏதாவது விட்டுப் போயிருந்தால் என்று.

மனுசன் ஆடி மாதம் நெஞ்சு வருத்தத்தில் போனவர். பிள்ளைகுட்டி இல்லை. வீடு எட்மண்டனில் இருந்த மருமகன், தங்கச்சியின் மகன் தவராசாவுக்கு வந்தது. தவராசாவுக்கு லண்டனின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்துபோக நேரமில்லை. புரட்டாதியில் யாரோ ஒரு ஏஜென்டிடம் கதவுத் திறப்பைக் கொடுத்து வாடகைக்கு விடச் சொன்னான். வாடகை வங்கியில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான். குடிவந்தவர்கள் என்று அருள்நாயகி கண்டது வாசலில் நின்ற ஒரு வெள்ளை வான் வண்டியைத்தான். பிறகு ஜன்னல்களெல்லாம் உள்ளிருந்து கறுப்பாயின. வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் உள்ளே யாரோ நடந்தார்கள்.

யாரோ என்ன யாரோ, இராசரத்தினம்தான். மேல்மாடியில் செருப்பில்லாத கால்கள் கட்டில் பக்கமிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து கட்டிலுக்குமாக நடந்தன. சாகுமுன் நித்திரை வராமல் அவரும் அப்படித்தான் நடந்தவர். நெஞ்சைப் பிய்க்கிற அதே இருமல். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் காய்ச்சல்காரனின் உடம்பு மாதிரிச் சுட்டது. காதை வைத்தால் குளவிக்கூட்டு இரைச்சல். மார்கழியில் பனி கொட்டித் தெருக் கூரைகளெல்லாம் வெள்ளையாய்க் கிடக்க, அந்த ஒரு கூரை மட்டும் ஈரக் கறுப்பாய் நின்றது. பின்வளவில் கருகின துளசியும் பூனை மூத்திரமும் கலந்த மாதிரி ஒரு மணம். எதிர்வீட்டுக் கலாவதி, குடியிருக்கிற ஆட்கள் ஏதும் சமைக்கிறார்களோ என்று கேட்டுப் பார்த்தாள். செத்த வீட்டு மணம் தெரியாத உனக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவது என்று அருள்நாயகி அவளை வாயடைத்துவிட்டாள். சுவர்ச் சூட்டில் தன் வீட்டு கேஸ் பில் பாதியாகக் குறைந்ததை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆவிக்குப் பசி இருக்கும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சோறும் இரண்டு கறியும் ஒரு தட்டில் போட்டு, இடையிலிருந்த பதிவான மதிலுக்கு மேலால் எட்டி, இராசரத்தினத்தின் குசினி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் நின்று அவளிடம் தெருப் புதினம், ஊர்க்கதை கேட்கிற இடம் அது. "இராசரத்தினம் அண்ணை, சாப்பிட்டிட்டு நிம்மதியாப் போங்கோ" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்த ஜன்னல் ஒரு சாணுக்குத்தான் திறக்கும். பின்நேரம் போய்ப் பார்த்தால் சோறு முடிந்திருக்கும், கறி தொடாமல் கிடக்கும். உயிரோடிருந்தபோது கொச்சிக்காய்த்தூளைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்ட மனுசன், செத்தபிறகு உறைப்பை விட்டுவிட்டார், அல்சராக்கும் என்று கோயிலில் அவள் சொன்ன அன்று சிரிக்காத ஆளில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை இருமல் கூடியது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விறகு பிளக்கிற மாதிரி. பிறகு ஒரு நாள் வெள்ளை வான் வந்துபோனது. அதோடு இருமல் நின்றுவிட்டது, காலடியும் நின்றுவிட்டது. அருள்நாயகி பொங்கலன்று கூடுதலாக ஒரு பானை வைத்து, மோதகமும் அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். தன்னுடைய படையலில் இராசரத்தினம் கரையேறிவிட்டார் என்று அவள் சொன்னதை மோதகம் வாய்க்குள் இருக்க யாரும் மறுக்கவில்லை.

ஆனால் பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில் காலடி திரும்பவும் கேட்டது. இந்த முறை மெல்லிய, பதறாத காலடி. இருமல் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை தட்டை வைத்தாள். பின்நேரம் போனபோது சோறும் இல்லை, கறியும் இல்லை. தட்டு கழுவப்பட்டு, தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, தன் தட்டுகளோடு அடுக்கினாள். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் தட்டு வைத்தாள், கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட்டு. அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

வைகாசியில் பொலிஸ் கதவை உடைத்தது. உள்ளே மூன்று அறை நிறைய, வெட்டி முடித்த கஞ்சாச் செடி. சட்டியும் விளக்கும் காற்றாடியும் சுவரெல்லாம் வெள்ளித்தாளுமாக. கம்பளி போர்த்தி ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெயர் ரதீசன், நாற்பது வயதிருக்கும், நம்முடைய ஆள். பிரான்ஸில் விசா மறுத்து, லொறியில் இங்கே வந்து, ஏத்தி இறக்கினவனின் கடனுக்காக அங்கே பூட்டி வைக்கப்பட்டவன். முன்கதவு வெளியால் பூட்டு, ஜன்னல்களுக்கு ஆணி, குசினி ஜன்னலில் மட்டும் ஒரு சாண் இடைவெளி. பொலிஸ் வண்டியில் ஏறும்போது அவன் மதிலோரம் நின்ற அருள்நாயகியைப் பார்த்து ஒருதரம் தலையைக் குனிந்தான். கலாவதி அதைக் கண்டுவிட்டாள். அன்று பின்நேரமே, அருள்நாயகியின் பேய் ஜீன்ஸ் போட்டிருந்ததாகத் தெரு முழுக்கக் கதை.

ஆவணியில் சுபாஸ்கரன் வந்தான். ரதீசனின் வக்கீல் அனுப்பிய ஆள். மருந்துக்காக உரிமத்தோடு கஞ்சாச் சாறு எடுக்கிற ஒரு கம்பனியில் முன்பு அவனுக்கு வேலை. எத்தனை கிலோ இலை உள்ளே போனது, எத்தனை கிராம் சாறு வெளியே வந்தது, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஹோம் ஆபீஸ் என்கிற உள்துறைக்குக் கணக்குக் காட்டுவது. அருள்நாயகி தேத்தண்ணிச் சாட்டில் உள்ளே நுழைந்துவிட்டாள். திறந்துவிட வந்த தவராசா, உள்ளே கால் வைக்கப் பிடிக்காதவன் போல வாசலிலேயே நின்றான்.

சுபாஸ்கரன் நாடாவால் அறைகளை அளந்துகொண்டே விசயத்தைச் சொன்னான். வளர்த்தது தான்தான் என்று ரதீசன் ஒப்புக்கொண்டுவிட்டான். கோர்ட்டில் இனி ஒரே ஒரு வழக்குத்தான்: எத்தனை போகம். நட்டு வெட்ட ஒரு போகத்துக்கு நாலு மாதம் வரும். பூவை உடனே கொண்டுபோய்விடுவார்கள். மிச்ச இலையிலிருந்து பிசின் எடுத்து பிரீசரில் சேர்த்து வைத்திருந்தார்கள். பொலிஸின் நிபுணர் அந்தப் பிசினை நிறுத்து, இவ்வளவு பிசினுக்கு இவ்வளவு இலை, இவ்வளவு இலைக்கு இவ்வளவு செடி என்று பின்னோக்கிப் பெருக்கி, மூன்று போகம் என்று எழுதியிருக்கிறார். ரதீசன் தான் பார்த்தது ஒரே போகம் என்கிறான். ஒன்றென்றால் கெதியாக வெளியே வந்துவிடுவான். மூன்றென்றால் அவனைக் கூலியாக இல்லை, பங்காளியாகத்தான் பார்ப்பார்கள். பல வருசம் உள்ளே.

"பிசினுக்குள்ள தண்ணி இருக்குதக்கா" என்றான். "தேங்காய்ப்பாலைக் காட்டி, எத்தனை தேங்காய் எண்டு கேட்டால், எவ்வளவு தண்ணி விட்டுப் பிழிஞ்சது எண்டு தெரியாமல் சொல்லேலுமோ? ஈரத்தோட நிறுத்திருக்கினம். நான் காய வைச்சு நிறுக்கப் போறன்."

"என்ர குசினியில நிண்டு தேங்காய் பிழிஞ்ச ஆள் மாதிரிக் கதைக்கிறீர் தம்பி" என்றாள் அருள்நாயகி. ஆனால் விளங்கிவிட்டது. அன்று பின்நேரமே கலாவதிக்குத் தானே கண்டுபிடித்தவள் போல விளங்கப்படுத்தினாள்.

இரண்டு கிழமை கழித்து அவன் திரும்பி வந்தான். இந்த முறை பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே இவள் வீட்டுக்கு. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

காய வைத்தபோது ஒரு போகம் தண்ணீராகப் போய்விட்டதாம். மூன்று இல்லை. ஆனால் ஒன்று என்றும் சொல்ல முடியாது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இரண்டு. சட்டிகளில் மண் மாற்றின அடையாளமும் அதைத்தான் சொல்கிறது.

"அப்ப அவன் பொய் சொல்லுறானோ?"

"நான் வேலை செய்த இடத்தில ஒரு பழக்கம் அக்கா. கணக்குக் குறைஞ்சால் ஆரோ கொண்டுபோயிருக்கினம். கூடினால் ஆரோ கொண்டுவந்திருக்கினம். கணக்குப் பொய் சொல்லாது, ஆள்தான் தவறியிருக்கும்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இஞ்ச ஒரு ஆளின்ர வேலை கூடுது. அவனுக்கு முதல் அங்க ஆரும் இருந்தவையோ? சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள்தானே இருந்தனீங்கள்."

அருள்நாயகி மாதங்களை விரலில் மடித்து எண்ணினாள். உறைப்புத் தொடாமல் கிடந்த கறி, விறகு பிளக்கிற இருமல், பொங்கலுக்கு முதல் வந்த வான், தெரு முழுக்கக் கொடுத்த மோதகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. புரட்டாதியிலிருந்து தை வரை நாலு மாதம். தையிலிருந்து வைகாசி வரை நாலு மாதம். கணக்கு ஒத்துப்போனது. பிறகுதான் சொல்லத் தொடங்கினாள், மிகவும் மெல்ல.

ஐப்பசியில் சாட்சிக்கூண்டு. மொழிபெயர்க்க வந்தது மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி; அருள்நாயகியின் யாழ்ப்பாணத் தமிழில் பாதியைக் கேட்டு, மீதியை அனுமானித்தாள். படையல் என்றதும் நீதிபதி யாருக்கு என்று கேட்டார். செத்தவருக்கு என்று மொழிபெயர்ந்தது. பின்வரிசையில் கலாவதி கைக்குட்டையை வாயில் வைத்தாள். பார்க்க வரவில்லை, ஷொப்பிங்குக்கு வந்த இடத்தில் எட்டிப் பார்த்ததாகத்தான் பிறகு சொன்னாள்.

பொலிஸ் பக்கத்து வக்கீல், வெள்ளைச் சுருள் முடித்தொப்பி வைத்த ஒரு பெண், மிக மரியாதையாகக் கேட்டாள். அம்மா எட்டு மாதமாக உயிருள்ள ஒரு மனிதரைப் பேய் என்று நம்பியிருக்கிறார். பேய்க்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாதவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒருவரா இருவரா என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறார்?

தப்புவதற்கு வழி இருந்தது. வயதான மனுசி, பயந்துவிட்டாள் என்று விட்டிருப்பார்கள். தெருவும் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் அப்படி விட்டால் முதல் ஆள் இல்லாமல் போய்விடுவான். அவனுடைய போகமும் கூண்டுக்குள் குனிந்திருந்த ரதீசனின் தலையில் விழும்.

"எனக்கு வித்தியாசம் தெரியும்" என்றாள் அருள்நாயகி. "தட்டுக் கழுவிக் கவிழ்த்து வைச்ச அண்டைக்கே தெரியும். செத்த ஆக்கள் தட்டுக் கழுவாயினம். உள்ளுக்க நிக்கிறது உயிரோட இருக்கிற மனுசன், என்ர ஊர்ச் சாப்பாடு சாப்பிடுற மனுசன் எண்டு தெரிஞ்சுதான் சோறு வைச்சனான். பேய் எண்டு நான்தான் ஊருக்குச் சொன்னனான். திருப்பிச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

மொழிபெயர்த்தவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். கலாவதி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டாள். முதல் ஆளைப் பற்றி நீதிபதி கேட்டார். அந்த ஆள் கறி தொடாதவர், இருமினவர், பொங்கலுக்கு முதல் இருமல் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

நீதிபதி சுபாஸ்கரனின் இரண்டு போகத்தையும் எடுத்துக்கொண்டார், அருள்நாயகியின் தைப்பொங்கலையும் எடுத்துக்கொண்டார். ரதீசனின் பங்குக்கு ஒன்று. கீழே கொண்டுபோகுமுன் அவன் இந்தப் பக்கம் திரும்பி, அன்று போலவே தலையைக் குனிந்தான்.

வெளியே படிக்கட்டில் வைத்து அவள் சுபாஸ்கரனைக் கேட்டாள், மற்ற ஆள் எங்கே என்று.

"அது என்ர கணக்கில வராது அக்கா" என்றான். "ஒரு ஆளின்ர வேலை கூடுது. அவ்வளவுதான் சொல்லேலும்."

பொலிஸ் ஒரு நாள் வந்து பின்வளவைக் கிண்டிப் பார்த்தது. பழைய தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைத் தவிர ஒன்றும் இல்லை. வான்காரர்கள் யாரும் அகப்படவில்லை. தவராசா சுவர்களுக்கு வெள்ளை அடித்து, வீட்டை விற்கப் போட்டான். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வாங்கவில்லை. அதற்கு அருள்நாயகியின் வாய் காரணமென்று அவன் நினைத்தான். அந்த மாதங்களில் அவள் அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டான்.

பொதுச்சுவர் இப்போது குளிர்ந்துவிட்டது. காதை வைத்தால் ஒன்றுமே கேட்பதில்லை. அவள் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் வைக்கிறாள்.

மறுபடி தை வந்தது. வெள்ளிக்கிழமை கலாவதி கறிவேப்பிலை கேட்டு வந்தபோது அடுப்பில் கறி கொதித்தது, பாலாக வெள்ளையாக, ஒரு துளி உறைப்பில்லாமல். வருத்தமோ என்று கேட்டாள். இல்லை என்றாள் அருள்நாயகி. அப்ப ஆருக்கு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கலாவதி அதைத் தெருவில் சொல்லித் திரிந்தாள்: அருள்நாயகி அக்காவிடம் ஒன்று கேட்டு அவ பதில் சொல்லவில்லை என்று. ஒருவரும் நம்பவில்லை.

அருள்நாயகி தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், மதிலுக்கு மேலால் எட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். படையலுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தத் தெருவில் இருக்கிற, இருந்த, வரப்போகிற எல்லாருடைய பெயரும் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தபடி, சோறு ஆறும்வரை அங்கேயே நின்றாள்.