அழகையா எடுத்த தூசி

இந்தக் கதை ஒரு கறுப்புப் படத்திலிருந்து வந்தது. நட்சத்திரங்களைப் படமெடுத்தேன், கறுப்பு கிடைத்தது. பிழை யார் மேல் என்று கண்டுபிடிக்கவே எழுத உட்கார்ந்தேன். கண்டுபிடிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1

"கொட்டகலை மலைகளுக்கு மேலே நட்சத்திரங்கள் வைரங்களைப் போல—"

நிறுத்திவிட்டேன். நான் வைரம் பார்த்ததில்லை. தேயிலைத் தூள் பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான்கு வருடம் இரவு வேலை. 1979 ஜனவரியில் ஒருநாள் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டேன். ஏன் என்று மூன்று பக்கம் எழுதினேன். மூன்றும் பொய். (கிழித்தாயிற்று.)

2

என்னிடம் ஒரு பழைய ரஷ்யக் கமராவும் நீளமான லென்ஸும் இருந்தன. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு நெபுலா இருக்கிறது. வாயு மேகம். அதைப் பிடிக்க மூன்று வாரம் காத்திருந்தேன். தினமும் மூடுபனி.

"மேகத்தப் படம் புடிக்க மேகம் இல்லாத நாளுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க," என்றாள் என் மனைவி ஜோசப்பின். "இந்த ஒரு பிலிம் ரோலுதான். படத்துல அது தெரிஞ்சா கமரா இருக்கட்டும். தெரியலன்னா திங்கக்கிழமை ஸ்டோருக்குத் திரும்பிப் போயிருங்க."

3

ஒருவழியாக ஓர் இரவு பனி விலகியது; ஜோசப்பினோடு மலையேறினேன். வானம் நகர்வதால் கமராவும் கூடவே நகர வேண்டும். தேயிலைப்பெட்டிப் பலகை இரண்டு, ஒரு கீல், ஒரு திருகாணி; திருகினால் மேல்பலகை கமராவோடு மெல்ல எழும்பும். நிமிடத்துக்கு ஒரு சுற்று. இருட்டில் கடிகாரம் தெரியவில்லை. ஜோசப்பின் ஜெபமாலையை எடுத்தாள். நான்கு 'அருள் நிறைந்த மரியே'வுக்கு ஒரு சுற்று.

"வேகமாச் சொல்லாத."

"மாதாவுக்கு எப்பிடிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீங்க திருகுங்க."

[இங்கே பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. உண்மையில் மூக்கு ஒழுகியதுதான் நினைவிருக்கிறது. நீக்கிவிட்டேன்.]

4

ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த அழகையாவை முதல் பிரதியில் வில்லனாக்கினேன். பொருந்தவில்லை. கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் பருக்களை மறைப்பவர். தூசியால் விழும் வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் கறுப்பாக்குபவர். பிரியமான மனிதர். அதுதான் பிரச்சினை.

கழுவக் கொடுத்திருந்த என் படத்தைச் சனிக்கிழமை ஓர் உறையில் நீட்டினார். "என்ன தம்பி கமரா அது? ஒரே தூசி! நானூறு புள்ளி இருக்கும். ரெண்டு நாளாக் குனிஞ்சு ஒவ்வொன்னா எடுத்தேன். நடுவுல பூஞ்சை வேற. மையப் போட்டு மறைச்சிட்டேன்."

படம் சுத்தமாக இருந்தது. சுத்தக் கறுப்பு.

"நெகட்டிவ்?"

"அதையும் சுடுதண்ணியில கழுவினேன், படலமே வழண்டு போச்சு. நல்லவேளை, முன்னாடியே படத்தப் போட்டுட்டேன்."

"அண்ணே, அது தூசி இல்ல. நட்சத்திரம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானூறுமா தம்பி?"

5

முடிவு ஒன்று: ஜோசப்பின் சிரித்து மன்னிக்கிறாள். (அவளை உங்களுக்குத் தெரியாது. வெட்டிவிட்டேன்.)

முடிவு இரண்டு: நான் மறுபடியும் மலையேறி, இம்முறை— (எந்த ரோலில்?)

நடந்தது இவ்வளவுதான். ஜோசப்பின் படத்தை ஜன்னலருகே கொண்டுபோனாள்.

"இதுக்கா முழு ஜெபமாலையும் சொன்னேன்?"

விரலை நாக்கில் நனைத்து, அழகையாவின் மையை நடுவில் தேய்த்தாள். வெள்ளையாக ஏதோ எழும்பியது. ஓரம் புகை மாதிரிக் கலங்கியிருந்தது.

"பாரு, மேகம்!" என்றேன்.

"தாள் தேஞ்சிருக்கும்," என்றாள். ஆனால் மறுபடியும் விரலை நனைத்தாள்.

அதன்பின் என்ன தெரிந்தது என்று நான் எழுதப் போவதில்லை. நான் எழுதினால் எனக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன். திங்கள் மாலை ஆறு மணிக்கு ஸ்டோர் சங்கு ஊதும். அதற்குள் அது மேகமா, தேய்ந்த தாளா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த இடத்தைக் கீழே விட்டிருக்கிறேன். விரலை நனைத்துக்கொள்ளுங்கள்.

(                              )