வாய்க்கால் என்று எழுதிவிட்டேன்

எனக்கு மனு எழுத வரும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து, கண்டக்டர்களுக்கு மெமோவும் மேலதிகாரிகளுக்கு விளக்கமும் எழுதி எழுதிக் கை பழுத்தவன். ஓய்வு பெற்று, திண்டிவனத்தில் வசந்தம் நகரில் வீடு கட்டிக்கொண்டு வந்ததும் குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் ராஜசேகர், டைல்ஸ் கடைக்காரர். அவர் பேசுவார், இந்த மாசிலாமணி எழுதுவான் என்று ஏற்பாடு.

வசந்தம் நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு வீடு, மூன்று தெரு, பெயர் மட்டும் நுழைவு வளைவில் பெரிய எழுத்தில் இருக்கும். பாதாளச் சாக்கடை இன்னும் எங்கள் பக்கம் எட்டவில்லை. எங்கள் தெரு மதிலுக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடுகள், பாதி கூரை, பாதி தகர ஷீட். வல்லம் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து புறம்போக்கில் தங்கிவிட்டவர்கள். எங்கள் வீடுகளில் முக்கால்வாசியை அவர்கள்தான் கட்டினார்கள். நான் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. போக வேண்டிய வேலை என்ன இருக்கிறது?

போன ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருத்தது. என் மனைவி பவானி காய்ச்சலில் ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, டம்ளரைத் தூக்க முடியாமல் அவள் அழுததைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பள்ளத்தை நாங்கள் எல்லோரும் சாக்கடை என்றுதான் சொல்வோம். ஆனால் கலெக்டர் கைக்குப் போகிற மனுவில் சாக்கடை என்று எழுத மனசு வரவில்லை. கொஞ்சம் கௌரவமான வார்த்தையாக இருக்கட்டுமே என்று 'வாய்க்கால்' என்று போட்டேன். முள்ளுச் செடி மண்டிக் கிடக்கிறது என்பதையும் அப்படியே எழுதினால் என்ன அழகு? 'எமது நகரின் பின்புறம் செல்லும் வாய்க்கால், செடிகொடிகளின் ஆக்கிரமிப்பால் தூர்ந்து, பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு விளைவிப்பதாக உள்ளது' என்று எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். எனக்கே பிடித்திருந்தது. ராஜசேகர் படித்துவிட்டு, "சார், உங்கள அடிச்சிக்க ஆளில்ல" என்றார். முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் பிடித்து, குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். வருவாய் ஆய்வாளர் ஆர்த்தி என்று ஒரு பெண் போன் செய்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் மனு சம்பந்தமாக நேரில் பார்க்க வருகிறேன், மனுதாரர் இருக்க வேண்டும் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எழுத்துக்கு அதிகாரி நேரில் வருகிறாள். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ராஜசேகரையும் கூட்டிக்கொண்டு, முதல் தடவையாக மதிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

அங்கே பன்னிரண்டு வீட்டுச் சனமும் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தது. எதற்கு இத்தனை பேர் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆர்த்தி சின்னப் பெண்தான். கையில் கட்டுக் காகிதம். "சார், இவங்க பன்னெண்டு பேருக்கும் பட்டா ரெடி. வர்ற முகாம்ல குடுக்கறதா லிஸ்ட்டும் போட்டாச்சு. அப்பதான் மேல இருந்து உங்க மனு வந்துச்சு. இங்க வாய்க்கால் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஆக்கிரமிப்புன்னும் எழுதியிருக்கீங்க. நீர்வழின்னா பட்டா குடுக்க முடியாது. வீட்டக் காலி பண்ணச் சொல்லித்தான் நோட்டீஸ் குடுக்கணும்."

"ஆக்கிரமிப்புன்னு நான் எழுதினது செடியம்மா" என்றேன்.

"படிச்சேன் சார். ஆனா வாய்க்கா பக்கத்துல ஆக்கிரமிப்புன்னு இருந்தா, எல்லாரும் வீடுன்னுதான் எடுத்துப்பாங்க."

கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் அம்பிகா, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தைக்கிற வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் அதிகாரியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"இடிச்சிருவாங்களா சார்? பட்டா வந்தா கவர்மெண்ட்டு ஸ்கீம்ல தளம் போட்டுக்கலாம்னு இருந்தோம். எங்க வூட்டுக்காரரு ஊருக்கெல்லாம் தளம் போட்டாரு. எங்களுக்குத்தான் கூரை."

ராஜசேகர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"சார், தானா கனிஞ்சி விழுந்துருக்கு, கெடுத்துடாதீங்க. வாய்க்காதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. இவங்க போய்ட்டா பின்னாடி முப்பதடி ரோடு வரும். உங்க பொண்ணுக்குன்னு ஒரு மனை போட்டு வெச்சிருக்கீங்களே, அது என்ன விலைக்குப் போவும் தெரியுமா?"

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் நானும் அந்த மனையை நினைத்தேன்.

ஆர்த்தி கூப்பிட்டாள். "மேப்ல இங்க வாய்க்கா எதுவும் இல்ல சார். அதனால கேக்கறேன். வாய்க்கால்னா ஒரு ஏரியிலயோ ஓடையிலயோ ஆரம்பிக்கணும் இல்லையா? இது எங்கருந்து வருதுன்னு காட்டுங்க."

தெரிந்தால்தானே காட்டுவேன்? அது எங்கே முடிகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அம்பிகாதான், "வாங்க மேடம், நான் காட்றேன்" என்று முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். பள்ளத்தை ஒட்டி ஒற்றையடிப் பாதை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் மதிலில் வரிசையாகக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் மதிலின் இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் பெயின்ட் அடித்துத் தொட்டி வைத்து அழகாக இருக்கும். இந்தப் பக்கம் பூச்சுகூடக் கிடையாது. ஒவ்வொரு குழாயிலிருந்தும் நுரையும் எண்ணெயுமாக ஒழுகிப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அம்பிகா விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். "இது டாக்டரு வூடு. இது பேங்க்கு சார் வூடு. இது டைல்ஸ் கட அண்ணன் வூடு, ரெண்டு பைப்பு." ராஜசேகர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் மதில் முடிகிற மூலைக்கு வந்தோம். அதற்கு மேல் பள்ளமே இல்லை, வெறும் மேட்டு நிலம். அங்கே ஒரு நீலக் குழாய் இருந்தது.

"இங்கதான் ஆரம்பிக்குது மேடம்."

"இது யார் வீடு?" என்றாள் ஆர்த்தி.

அம்பிகா தயங்கி என்னைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடுவாள் போலத்தான் இருந்தது. "என் வீடும்மா" என்று நானே சொன்னேன்.

ஆர்த்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த மனுவைத் தானாக முடித்துவைக்க அவளால் முடியாதாம். மனுதாரர் தன் கையால் திருத்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்குள் தாலுகா ஆபீஸில் கொடுத்தால் முகாமுக்குள் பட்டா போய்விடும், இல்லாவிட்டால் லிஸ்ட் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ராஜசேகர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட ஐந்தாறு பேர். நான் எழுதக் கூடாது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ராஜசேகர் சொன்னதுதான் எல்லாருக்கும் பொது.

"வாய்க்கா இல்ல, சாக்கடைன்னு எழுதுவீங்க. சரி, யார் வூட்டு சாக்கடைன்னு கேப்பான் இல்ல? எங்கள் நகரோடதுன்னு எழுதினீங்கன்னா நாப்பத்திரண்டு வூட்டுக்கும் நோட்டீஸ் வரும். எல்லாருக்கும் பேஜாரு. சங்கத்து செயலாளரா இருந்துகினு இத செய்யலாமா?"

"அவங்க வீடு போயிடுமே" என்றேன்.

"அது அவங்க பாடு. நாம கூப்ட்டா வந்து குடிவெச்சோம்?"

கூப்பிட்டுத்தான் குடிவைத்தோம். சுவர் எழுப்பக் கூப்பிட்டோம், வந்தார்கள். அதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார். போகும்போது காபியை மிச்சம் வைத்துவிட்டார், அப்படி வைக்கிற ஆள் இல்லை.

மறுநாள் தாலுகா ஆபீஸில் ஆர்த்தியின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதிய எத்தனையோ கடிதங்களில் இவ்வளவு சிரமப்பட்டது கிடையாது. 'எங்கள் நகரின் கழிவுநீர்' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. அவர்கள் கையெழுத்து இல்லாமல் 'எங்கள்' என்று எழுத எனக்கு என்ன உரிமை? அந்தப் பேப்பரைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன்.

'நான் முன்பு மனுவில் வாய்க்கால் என்று குறிப்பிட்டது தவறு. அது வாய்க்கால் இல்லை, சாக்கடை. அது என் வீட்டுக் குழாயில் ஆரம்பிக்கிறது. ஆக்கிரமிப்பு என்று எழுதியது முட்செடியை. அந்தப் பன்னிரண்டு வீடுகளால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.'

அவ்வளவுதான். இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆர்த்தி படித்துவிட்டு, "என் வீட்டுன்னு மட்டும் போட்டிருக்கீங்க. உங்களுக்கு மட்டும்தான் நோட்டீஸ் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். வரட்டும் என்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். நாற்பத்திரண்டு வீட்டுத் தண்ணீருக்கு நான் ஒருத்தன் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் சொன்னபடியே ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. கழிவுநீரை வெளியே விடக் கூடாது, வீட்டுக்குள்ளேயே உறிஞ்சுகுழி போட வேண்டும். பவானி ஆசையாக வைத்திருந்த மல்லிகைப் பந்தலைப் பிரித்துவிட்டு, அந்த இடத்தில் குழி தோண்டி உறை இறக்கினேன். நீலக் குழாயை அடைத்தாயிற்று. சங்கத்தில் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். நீக்கிய தீர்மானத்தை எழுத ஆள் இல்லாமல், பழைய தீர்மானத்தைப் பார்த்து யாரோ எழுதியிருந்தார்கள், ஒரே பிழை.

முகாமில் பட்டா கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். என் காதுக்கு வந்ததே ஒழிய யாரும் வந்து சொல்லவில்லை. இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு நன்றி, ஒரு வாழைப்பழம், ஏதாவது. அம்பிகா வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. மனசு சுணங்கிப்போய், இவர்களுக்காகவா இதெல்லாம் என்றுகூட பவானியிடம் புலம்பினேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு கேட்டைத் தட்டுகிற சத்தம். அம்பிகா நின்றிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், வூட்ல எல்லாம் நல்லாகீறீங்களா?"

"நல்லா இருக்கோமே. ஏன்?"

"இல்ல, உங்க பைப்பு வழியாத்தான் நாங்க போய் வர்றோம், நாலு நாளா உங்க வூட்டுத் தண்ணி வர்ல. டெய்லி அஞ்சரைக்கு வரும். வெள்ளிக்கெழமன்னா சீயக்கா வாசன வரும், அம்மா தலைக்கு ஊத்திக்கினாங்கன்னு தெரியும். போன மழைல ஒரு மாசம் டெட்டாலாவே வந்துச்சி. அப்பவே எங்காளுங்க பேசிக்கினோம், அந்த வூட்ல யாருக்கோ முடியலன்னு. இப்ப சுத்தமா நின்னுடுச்சா, எனக்கு பக்குன்னுச்சி. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உறிஞ்சுகுழி போட்டதைச் சொன்னேன். "அப்ப சரி சார்" என்றாள், முகம் தெளிந்துவிட்டது. பட்டா வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சி சார், பொட்டில வெச்சிருக்கோம்" என்றாள். கமிட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள். உள்ளே வா, காபி சாப்பிடு என்று சொல்லத் தோன்றுவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருடத்தில் அந்தப் பன்னிரண்டு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தது, யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது, ஒன்றுகூட எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

பவானி உள்ளேயிருந்து, "யாருங்க வந்தது?" என்றாள்.

"அம்பிகா."

"எந்த அம்பிகா?" என்று கேட்டாள்.