செருப்புக் கடை வழியே ஒரு சந்து

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான சாதனை என்று மேயரே மாலையும் கழுத்துமாக நின்று அறிவித்ததால் நாமும் பதிவு செய்துவிடுவோம்: மாநகராட்சி தன் பழைய வரைபடங்களை இணையத்தில் ஏற்றியது. மறுநாள் காலை, இடித்துத் தரைமட்டமாக்கி ஐம்பது வருடமான ஒரு சந்து, வணிக வளாகத்தின் செருப்புக் கடை வழியாகத் திரும்பி வந்தது.

அதில் முதலில் நடந்தவள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. அவளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அவள் அடுப்படி ஜன்னலிலேயே தெரியும்; ஆனால் நடுவில் வளாகமும் மேம்பாலமும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டதால் ஆட்டோ ஊரையே சுற்றித்தான் போக வேண்டும். தாமதமானால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு தடவை அப்படித் திரும்பி வந்தபின், "போதுங்க, இனி நான் வரலை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவளைப் பேச்சுக்கு இழுக்கத்தான் மெக்கானிக் போனில் அந்த வரைபடத்தைத் திறந்தார். திரையின் ஓரத்துப் பட்டையை விரலால் தள்ளத் தள்ள இன்றைய ஊர் மங்கிப் பழைய ஊர் மேலே வந்தது.

"இங்க பாரேன், நம்ம பின்சுவர்லேருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நேரா ஒரு சந்து இருந்திருக்கு."

"இருந்து என்ன புண்ணியம்? அதுல உங்க விரல்தான் போகும்."

அவர் விரலை எடுத்து நிமிர்ந்தால், வீட்டுப் பின்சுவரைக் காணோம். அங்கே ஒரு மண்பாதை, அதில் சைக்கிளில் வந்தவர் "ஓரமா நில்லுங்கம்மா" என்று மணியடித்துக்கொண்டு போனார். இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் செருப்புக் கடை குறுக்கிட்டது. விற்பனைப் பெண் "சைஸ் என்ன மேடம்?" என்றாள். "திரும்பி வர்றப்ப சொல்றேன்மா" என்று இவள் போய்க்கொண்டே இருந்தாள். அன்று மெஷின் அவளுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து ஒரு தடவையும் தவறவில்லை. முகத்தில் களை வந்தது, சண்டை போடவும் தெம்பு வந்தது.

பிறகுதான், சந்து எப்படி வந்தது என்று ஆராய நிபுணர் குழு கூடியது. பழைய வரைபடத்தை இன்றைய ஊரோடு பொருத்த, இரண்டிலும் அசையாமல் நிற்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொறியாளர்கள் பயபக்தியுடன் மேயரின் தகப்பனார் சிலையைப் பிடித்திருந்தார்கள். அதுவோ மேம்பாலத்துக்காக இடம்பெயர்ந்த சிலை. அதனால் பழைய ஊர் முழுவதும் சற்றுத் தள்ளி விழுந்திருந்தது. திருத்தினால் சந்து மேம்பாலத் தூணில் போய் முட்டி நின்றுவிடும். செய்தி மெக்கானிக்கை எட்டியது. மாநகராட்சி லிஃப்டைப் பழுது பார்க்கும் சாக்கில், கூட்டம் நடந்த மாடியிலேயே அதை நிறுத்திவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா தப்பான இடத்துல நிக்கிறார்னு நான் கையெழுத்துப் போடணுமாய்யா?" என்றது மேயரின் குரல். "அவரு நிக்கிற இடம்தான் சரி. வேணும்னா ஊரு தள்ளி நிக்கட்டும்."

குழு கலைந்தது. மெக்கானிக் லிஃப்டுக்குள்ளிருந்தே மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

"அந்த மகராசன் நூறு வயசு இருக்கணும்" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள். மேயரை யாரும் மனதார வாழ்த்தியதாக இந்த ஊரில் வேறு தகவல் இல்லை.

சந்து இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. விளக்கு கிடையாது. மழை பெய்தால் சேறு.