மூன்று வயல் தாண்டிக் கேட்கிற பெயர்

சங்கீதா அந்தப் பெயரைச் சொன்னபோது நான் பால் பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். துபாய் கராமாவில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவள் வாசலில் நின்றாள். தோளில் பிள்ளை, பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “லியாம்” என்றாள். ஏதோ மருந்து என்று நினைத்து, சாயங்காலம் ஃபார்மசிக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றேன்.

மருந்து இல்லையாம், பெயராம். போனைப் பார்த்துப் படித்துக் காட்டினாள். அயர்லாந்துக்காரர்கள் ஆண் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். மன உறுதியோடு காக்கிறவன் என்று பொருள். அமெரிக்காவில் பல வருடங்களாக இதுதான் முதலிடம். எல்லாம் சரி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அங்கே நமக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர் என்றாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டில் பெயர் வைப்பது யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. முதல் பேரனுக்குத் தாத்தா பெயர், அவ்வளவுதான். அப்பா பெயர் அழகுமலை. அப்பாவின் தாத்தாவும் அழகுமலைதான். என் அண்ணனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். அப்பா வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை, ஆனால் இவனுக்காகக் காத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். பிள்ளை பிறந்த செய்தியை நான் போனில் சொல்லி முடிக்கும் முன்னால் டீக்கடைக்குப் போய், துபாயில் அழகுமலை பிறந்துவிட்டான் என்று எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தப் பெயரோடு கூடவே ஒரு சட்டமும் வரும். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. மகனுக்கு அதே பெயர் என்றால் மகனையும் சொல்லக் கூடாது. அய்யா, தம்பி, பெரியவனே என்று எதையாவது சொல்லிக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். எங்கள் பக்கம் பாதி அம்மாக்கள் மூத்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமலேயே வளர்த்து, கல்யாணமும் முடித்து வைத்துவிடுகிறார்கள். இதை யாரும் குறையாக நினைத்து நான் பார்த்ததில்லை. சர்டிஃபிகேட்டில் அப்பா பெயர் இருக்கட்டும், நீ குட்டி என்றோ பட்டு என்றோ கூப்பிட்டுக்கொள், இதில் என்ன வந்தது என்றேன்.

அவள் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு வந்தாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னாள். அவள் தம்பிக்கும் தாத்தா பெயர்தான் வைத்திருந்தார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போயிருந்தபோது, அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் அவன் கையை விட்டுவிட்டான். அப்போது அவனுக்கு நாலு வயது. அவள் அம்மா ஆற்று மணலில் இங்கேயும் அங்கேயும் ஓடி, “தம்பி, ஏய் தம்பி” என்று கத்தினாள். அத்தனை பெரிய கூட்டத்தில் தம்பி என்றால் யார்தான் திரும்ப மாட்டார்கள். பந்தலில் மைக் வைத்திருந்த போலீஸ்காரர் பையன் பெயரைக் கேட்டார். அம்மாவுக்கு வாய் வரவில்லை. அடுத்து இன்னொரு தடவை அதட்டிக் கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளே தவிர, சொல்லவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சங்கீதாதான் சொன்னாள். பையன் கிடைத்துவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரும் அதைச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம்.

“எம் புள்ளய நான் பேர் சொல்லிக் கூப்பிடணும்” என்றாள். “வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

சொந்தத்தில் இருக்கிற எந்தப் பெயரை எடுத்தாலும் அதற்கு யாராவது ஒரு பெரியவர் பாத்தியதை கொண்டாடிக்கொண்டு வருவார். அதனால்தான் அவள் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். பாட்டில்களைத் துடைத்து அடுக்கினேன்.

மறுநாள் அபுதாபியைத் தாண்டி இருக்கிற ருவைஸுக்குக் கிளம்பிவிட்டேன். ஆலையை நிறுத்திப் பராமரிப்பு செய்கிற ஷட்டவுன் வேலை. அது நடக்கும்போது லீவு என்ற வார்த்தையை எடுத்தாலே சைட் மேனேஜர் ஒரு மாதிரி பார்ப்பார். நான் சாரம் கட்டுகிற ஆட்களுக்கு சூப்பர்வைசர். எங்கள் சேஃப்டி மேனேஜர் ஓர் அயர்லாந்துக்காரர், அறுபது வயதிருக்கும், வெயிலில் முகமெல்லாம் செம்பருத்தி நிறம். அவர் பெயரும் லியாம்தான். இத்தனை மாதம் அந்தப் பெயர் தினமும் என் காதில் விழுந்திருக்கிறது, ஆனால் சங்கீதா சொன்னபோது இவர் ஞாபகத்துக்கே வரவில்லை; அது பிள்ளைக்கு வைக்கக்கூடிய பெயர் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. டீ நேரத்தில் போய், என் மனைவி உங்கள் பெயரை எங்கள் பையனுக்குப் பார்த்திருக்கிறாள் என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய சின்ன வயதில் அது மாடு வைத்திருக்கிற கிழவர்களின் பெயராம். அவர் ஊரில் மட்டும் பெரிய லியாம், செம்பட்டை லியாம், தபால்கார லியாம் என்று அரை டஜன் பேர் இருந்தார்களாம். எங்கள் ஊரில் வெற்றிலைக்கார அழகுமலை, மேலத்தெரு அழகுமலை இருக்கிற மாதிரி.

பிறகு நிதானமாகச் சொன்னார். அது முழுப் பெயர் இல்லை, வில்லியம் என்பதன் வால். அந்த வில்லியமே வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்கள் கொண்டுவந்தது. மனம், தலைக்கவசம் என்ற இரண்டு பழைய சொற்கள் அதற்குள் இருக்கின்றன. பின்னால் வில்லியம் என்று ஒரு ராஜாவோடு எங்கள் ஆட்களுக்குத் தீராத பகை, அதனால் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டோம் என்றார். உண்மையோ கப்ஸாவோ, எனக்குத் தெரியாது. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே பூங்காவுக்குப் போனால் தள்ளுவண்டிக்கு ஒரு லியாம் என்றார். தலைமகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது அவர் குடும்பத்திலும் வழக்கமாம். இவருக்கும் தாத்தா பெயர்தான். அப்படியானால் உங்கள் அம்மா உங்களை எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. பெயரைச் சொல்லித்தான், வேறெப்படி என்றார். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று அம்மா கத்தினால் மூன்று வயல் தாண்டிக் கேட்குமாம். அக்கம்பக்கத்தார் அந்தச் சத்தத்தை வைத்து மணி பார்த்துக்கொள்வார்களாம்.

அன்று சாயங்காலம் சங்கீதாவிடம் போனில், நீ கண்டுபிடித்த மாடர்ன் பெயரின் லட்சணத்தைக் கேள், அங்கேயும் அது தாத்தா பெயர்தான் என்று கொஞ்சம் குஷியாகவே சொன்னேன். விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவரை அவர் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா என்று. மூன்று வயல் கதையைச் சொன்னேன்.

அப்பாவுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. ஷார்ஜாவில் இருக்கிற என் தங்கை பானுமதிதான் சொல்லியிருக்க வேண்டும், அவள் வாயில் எது நிற்கும். அப்பா என்னைக் கூப்பிட்டு அதற்கு என்னடா அர்த்தம் என்றார். ஏதோ ஞாபகத்தில் தலைக்கவசம் என்று சொல்லிவிட்டேன்.

“ஹெல்மெட்டுன்னா எம் பேரனுக்குப் பேரு வைக்கிறீக?” என்றார். அம்மா இறந்த பிறகு அவரைப் பேச்சில் மடக்க வீட்டில் ஆளில்லை. அதோடு போனை வைத்துவிட்டார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

தள்ளிப் போடவும் வழியில்லை. பெயர் இல்லாமல் சர்டிஃபிகேட் இல்லை, சர்டிஃபிகேட் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் பிள்ளைக்கு விசா இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் வைத்துவிடுவது என்று முடிவானது. சங்கீதாவின் அம்மாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை. எனக்கு லீவு இல்லை. அத்தை முறைக்கு பானுமதி வந்து பிள்ளையை மடியில் வைத்து, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு, காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வாள். அப்பா அவளிடம் அழகுமலை என்றுதான் சொல்லச் சொல்லியிருந்தார். சங்கீதா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நானும் நினைத்தேன்.

சைட்டில் ஓய்வுக் கொட்டகையில் டீயோடு உட்கார்ந்து போட்டிம் வீடியோ காலில் சேர்ந்துகொண்டேன். இங்கே வாட்ஸாப்பில் கால் பேச முடியாது, போட்டிம்தான். திரையின் ஒரு பாதியில் கராமா, இன்னொரு பாதியில் அப்பா. வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, போனைக் கையில் நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரம்பிக்கட்டுமா என்று பானுமதி கேட்டபோது சங்கீதா குனிந்து அவள் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். போனுக்கு நேராக வந்து நின்றாள்.

“மாமா, உங்க பேரையே வைக்கிறேன்” என்றாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. “ஆனா அவன நான் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன். திட்டுனாலும் பேரச் சொல்லித்தான் திட்டுவேன். ஊருக்கு வந்தாலும் அப்படித்தான், உங்க முன்னாடியும் நாலு பேரு முன்னாடியும். இப்பவும் நான்தான் அவன் காதுல சொல்லப் போறேன். உங்களுக்கு அது முடியாதுன்னா லியாம்னே வச்சுக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.”

பானுமதி “அண்ணி” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னைத் தேடினார். திரையில் எந்தக் கட்டத்தில் நான் இருக்கிறேன் என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. “நீ என்னடா சொல்ற?” என்றார்.

“அவ சொல்றதுதான்ப்பா” என்றேன்.

அப்பா மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டு மறுபடியும் மடித்தார். தொண்டையைச் செருமினார்.

“எங்க, சொல்லுத்தா. கேப்போம்.”

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனைத் தூக்கி அப்படியே காதில் வைத்துக்கொண்டார். அவர் பக்கத்துப் பாதி முழுக்கக் காதுதான் தெரிந்தது. தொங்கிய காதுமடல், அதில் எப்போதோ குத்தித் தூர்ந்துபோன துளை. இந்தப் பாதியில் சங்கீதா பிள்ளையின் காதருகே குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். காதில் ரகசியமாகச் சொல்வதுபோல் அவள் சொல்லவில்லை. கூட்டத்தின் அந்தக் கோடியில் நிற்கிற ஒருவனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

“அழகுமலை.”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பீகார்காரர் என்ன பாய் என்று திரும்பினார். ஒன்றுமில்லை என்று கையமர்த்தினேன். பிள்ளை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்து அழ ஆரம்பித்தது. அவள் அழுகையை நிறுத்தப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவையும் அதே சத்தத்தில் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் முழுதாகச் சொல்லிவிட்டாள்.

அப்பாவின் காது திரையை விட்டு விலகவில்லை. லைன் உறைந்துவிட்டதோ என்று உற்றுப் பார்த்தேன். காதோரத்து நரைமயிர் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.