இடம் மாறிக் கிடந்த பன்னிரண்டு பக்கங்கள்

இளங்கதிர் சாளரந்தோறும் சாய்ந்து பாய, அடித்தளம் முதல் மேல்மாடி வரை நூலடுக்குகள் நிமிர்ந்து நிற்கும் சட்டக் கல்லூரி நூலகத்தில், பேராசிரியர்கள் இருப்புக்கொள்ளாது உலவிய அந்தக் காலைப்பொழுதை, அன்புடையீர், நீங்கள் நேரில் கண்டிருக்க வேண்டும்! ஆசிரியர்கள் அவ்வாண்டு எய்திய சிறப்புகளைத் தொகுத்துரைக்கும் மடல் நண்பகலில் அச்சேறவிருந்தது.

அம்மடலை இருபத்தோராண்டுகளாகத் தொகுத்தவர் தலைமை நூலகர். எவர் எதைச் சொன்னாலும், அச்சிட்ட பக்கத்தைத் தம் கண்ணால் கண்டு, அதன் எண்ணையும் குறிக்காது ஓரெழுத்தும் சேர்க்கமாட்டார். ஆதலின் அவருக்குப் 'பக்க எண் அம்மா' என்றே பெயர். நூலகர் எவர் பெயரும் அம்மடலில் இதுவரை ஏறியதில்லை. அவரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.

ஆறு திங்களுக்கு முன், நாட்டில் எஞ்சிய ஒரே படியான பழைய தீர்ப்புத் தொகுதியொன்று கட்டவிழ்ந்துபோக, மீண்டும் தைப்பதற்காகத் தாள்களை எண்ணியவர் திடுக்கிட்டார். பன்னிரண்டு பக்கங்களை அடுத்த தொகுதியில் வைத்துத் தைத்துவிட்டிருந்தார் அந்நாளைய நூல் கட்டுநர்! மூவருள் மாறுபட்ட ஒரு நடுவரின் கருத்தையே தீர்ப்பென்று அறுபதாண்டு ஊரே நம்பியிருந்தது. மற்ற இருவரின் உண்மைத் தீர்ப்போ அப்பன்னிரண்டு பக்கங்களில் உறங்கியது. நிலச்சட்டப் பேராசிரியையான நூலகரின் நாத்தனார் அதனைக் கட்டுரையாக்க, அதையே பற்றுக்கோடாய்க் கொண்டு, வீடிழக்கும் நிலையிலிருந்த நாற்பது குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் ஏறின. தீர்ப்பு அன்று காலை. தோற்றால் அக்குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும். கட்டுரையின் மானமும் காற்றில் பறக்கும்.

படிகளில் தடதடவென்று ஓசை. அறுந்த செருப்பை ஒரு கையிலும் தீர்ப்பின் படியை மறு கையிலும் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார் நாத்தனார்.

“அண்ணி! ஜெயிச்சுட்டோம்! நாப்பது வீடும் தப்பிச்சுது!”

“கத்தாதே, இது நூலகம்!” என்று அதட்டிய அண்ணியே, மறுநொடி “அடி என் தங்கமே!” என்று கூரையதிரக் கூவி அவரைக் கட்டிக்கொண்டார். “உன் கட்டுரைதான் மடல்ல முதல் வரி.”

“இல்ல அண்ணி, ரெண்டாவது. முதல் வரி நீங்க. தீர்ப்புலயே எழுதியிருக்காங்க.”

“போடி, கிண்டல் பண்ணாதே. எந்தப் பக்கம்?”

“அதானே பார்த்தேன், கேக்காம விடுவீங்களா! முப்பத்தொண்ணு.”

தீர்ப்பின் படியை வாங்கி அப்பக்கத்தைப் புரட்டினார் அண்ணி. 'இப்பக்கங்களைக் கண்டெடுத்த நூலகருக்கு இம்மன்றம் கடமைப்பட்டுள்ளது' என்ற வரியின் தொடக்கம் தெரிந்தது; அதற்குள் கண்ணீர் திரையிட்டு எழுத்தெல்லாம் மங்கிற்று.

“நான் படிக்கட்டுமா அண்ணி?”

“வேண்டாம். என் கண்ணால பார்க்கணும்.”

அச்சகத்தார் வாயிலில் காத்திருக்க, பேராசிரியர்கள் சூழ்ந்து நிற்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கண்ணையும் துடைத்து, அவ்வரியை முற்றும் படித்தார். பின்பு மடலின் தலையில் தம் பெயரை எழுதி, இருபத்தோராண்டும் பிறருக்குச் செய்தவாறே, அதனருகே 'பக்கம் 31' என்று குறித்தார்.